விக்கிப்பீடியாவில் நான் சேர்த்தது உண்மைதானே, பிறகு ஏன் நீக்கினார்கள்?

தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாக எழுதுபவர் என்னென்ன விதிகளைப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குக் கீழே நடந்ததையும் எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் ஊர்க் கோயில் கட்டுரையில் நான்கு பத்திகள் சேர்த்தீர்கள், சிறிது நேரத்தில் யாரோ நீக்கிவிட்டார், மறுபடி சேர்த்தீர்கள், மறுபடி போயிற்று, மூன்றாம் முறைக்குப் பிறகு உங்கள் பயனர் பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை வந்தது. உங்கள் தாத்தாவைப் பற்றித் தொடங்கிய கட்டுரைக்கு நீக்கல் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். "எழுதியது எல்லாமே உண்மை, பிறகு ஏன்?" என்று முடித்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். விதிப் பக்கங்கள் ஏராளம். அந்த ஒரு கேள்விக்கு விடை பிடிபட்டால் அவற்றில் பெரும்பாலானவற்றை நீங்களே ஊகித்துவிடலாம்.

விக்கிப்பீடியாவில் ஆசிரியர் குழு கிடையாது. எழுதுபவர் ஊர்க்காரரா, பேராசிரியரா, விளையாட்டுக்கு எழுதும் பள்ளி மாணவரா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. அதனால் எழுதியவரை நம்பி எதையும் ஏற்க அங்கே வழியில்லை. நீங்கள் இல்லாதபோது, உங்களை அறியாத ஒருவர், அந்த வரியைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும். இதை மெய்யறிதன்மை என்கிறார்கள். இப்படி இறுக்கிப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. 2005 மே மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்க இதழாளரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டதாக ஒருவர் பொய்யாக எழுதினார். நான்கு மாதங்களுக்கும் மேலாக அது அப்படியே கிடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், கணக்கில்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியது. வாழும் மனிதர்களைப் பற்றிய கடுமையான விதிகளும் அதைத் தொடர்ந்து வந்தவைதான். உங்கள் பத்தியை நீக்கியவர் உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. சரிபார்க்க வழி இல்லை என்றே சொல்லியிருப்பார்.

உங்கள் தொகுப்பை, அதாவது நீங்கள் செய்த மாற்றத்தை, நான் பார்க்கவில்லை. ஆகவே அதை எந்தக் காரணத்துக்காக நீக்கினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். கட்டுரையின் மேலே உள்ள வரலாற்றுப் பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி இருக்கும்; நீக்கியவரின் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குள், அவர் எழுதிய சுருக்கம் இருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் இதைப் பார்ப்பதே இல்லை. அங்கே "சான்றில்லை", "பதிப்புரிமை மீறல்", "விளம்பரம்" என்று ஏதாவது இருந்தால் பாதி விடை அதுதான். ஒன்றும் எழுதாமல் நீக்கியிருந்தால் அது அவர் பக்கக் குறை. காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கோயில் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழில் புதிதாக எழுத வருகிறவர்கள் பலர் சொந்த ஊரிலிருந்தும் ஊர்க் கோயிலிலிருந்தும்தான் தொடங்குகிறார்கள், அது நல்ல தொடக்கமும்கூட. முதல் சிக்கல் "2000 ஆண்டுகள் பழமையானது" என்ற வரி. தலபுராணம் அப்படிச் சொல்லலாம், அர்ச்சகர் சொல்லலாம், கோயில் வாசலில் பலகையே இருக்கலாம். தலபுராணம் சொல்வதைத் தலபுராணத்தின் கூற்றாக எழுதலாம்: "தலபுராணத்தின்படி இங்கே அகத்தியர் வழிபட்டார்" என்ற வரிக்கு, புராணத்தின் பெயரும் பதிப்பும் பக்க எண்ணும் கொடுத்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். அதையே "அகத்தியர் இங்கு வழிபட்டார்" என்று வரலாறாக எழுதினால் நிற்காது. கட்டடத்தின் காலத்துக்குக் கல்வெட்டுப் பதிப்புகளைத் தேடுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை 1890 முதல் வெளிவருகிறது. கல்வெட்டு ஆண்டறிக்கைகளும் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை மாவட்ட வாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயர் இன்றைய வடிவில் அவற்றில் இல்லாமல் போகலாம். பழைய வட்டத்தின் பெயரை வைத்தும், கல்வெட்டில் வரும் பழைய ஊர்ப் பெயரை வைத்தும் தேட வேண்டியிருக்கும். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு இருக்கிறது.

குடமுழுக்கு மலர் ஒரு தனி வகை. ஊரைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத செய்திகள் அதில் இருக்கும், விழாக்குழுவே அச்சிட்டதால் மிகைப்படுத்தலும் இருக்கும். குடமுழுக்கு நடந்த தேதி, திருப்பணி செய்த விவரம் ஆகியவற்றுக்கு அதை மேற்கோள் காட்டுவதைப் பெரும்பாலும் ஏற்பார்கள். சோழர் காலம், பாண்டியர் காலம் என்று நிறுவ அதை மட்டும் காட்டினால் ஏற்பது கடினம். இதில் எழுதி வைத்த கோடு எதுவும் இல்லை, பார்ப்பவரைப் பொறுத்து மாறும்.

அடுத்தது, படிப்பறிவும் ஆர்வமும் உள்ளவர்களே மாட்டிக்கொள்கிற இடம். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் உள்ள கல்வெட்டை நீங்களே படித்து, "இது முதலாம் இராசராசனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு" என்று எழுதினால் அது நீக்கப்படும். உங்கள் வாசிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் இதற்கு முன் எங்கும் அச்சில் வராத முடிவை முதன்முதலில் வெளியிடும் இடமாக விக்கிப்பீடியா இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. அந்த வாசிப்பை ஓர் ஆய்விதழுக்கு அனுப்புங்கள்; அச்சில் வந்த பிறகு விக்கிப்பீடியாவில் மேற்கோள் காட்டலாம். பாட்டி சொன்ன வாய்மொழிக் கதைக்கும் இதே நிலைதான். இந்த விதியால் எழுத்தில் ஏறாத நாட்டார் வழக்குகள் பல விடுபட்டுப் போகின்றன என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் இதைத் தளர்த்தினால் ஒவ்வொரு ஊர்க் கட்டுரையும் நான்கு தரப்பின் நான்கு கதைகளாகப் பிரிந்துவிடும் என்பதையும் மறுக்க முடியவில்லை.

நான்கு பத்திகளும் ஒட்டுமொத்தமாக, சிறிது நேரத்துக்குள் போயின என்றால் நான் முதலில் சந்தேகிப்பது வேறொன்றை: வேறு தளத்திலிருந்தோ நாளிதழிலிருந்தோ எடுத்து ஒட்டிய வாசகம். "எங்கிருந்து எடுத்தேன் என்று கீழே குறிப்பிட்டுவிட்டேனே" என்று பலர் சொல்வார்கள். மூலத்தைக் குறிப்பிடுவது சான்றுக்கு உதவும், நகல் எடுக்கும் உரிமையைத் தராது. ஒரு செய்தி யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொன்ன வாக்கியங்கள் எழுதியவருக்குச் சொந்தம். இரண்டு மூன்று இடங்களில் படித்து, மூடிவைத்துவிட்டு, உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள். சொற்களை மட்டும் ஆங்காங்கே மாற்றினாலும் நகல்தான். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும், மறைந்த ஆண்டுக்கு அடுத்த சனவரியிலிருந்து எண்ண வேண்டும். இதில் சமூகம் விட்டுக்கொடுக்காது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஏனென்றால் நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு வரியும், யாரும் வணிகத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம் என்ற படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின் கீழ் வெளியாகிறது. பிறர் எழுத்தை அப்படித் தானம் செய்ய நமக்கு உரிமை இல்லை. படங்களும் இப்படியே: நீங்கள் எடுத்த கோபுரப் படத்தை, விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றலாம், வாட்சப்பில் வந்ததை ஏற்றக் கூடாது. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தாவின் படத்தைக் கைப்பேசியில் மறுபடி படம் எடுத்தாலும், அதனால் மட்டும் அதன் உரிமை உங்களுடையதாகிவிடாது.

நடையைப் பற்றி. "அருள்பாலிக்கிறார்", "கண்கொள்ளாக் காட்சி", "வேண்டியவர்க்கு வேண்டியதைத் தரும்" என்பவை கோயில் துண்டறிக்கையில் அழகாக இருக்கும். கலைக்களஞ்சியத்தில் "மூலவர் இன்னார், விழா இன்ன மாதம்" என்பதோடு நிற்க வேண்டும். மனிதர்களை எழுதும்போது திரு, ஐயா, அவர்கள், மாண்புமிகு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மரியாதையை வினைமுற்று காப்பாற்றும்: "பிறந்தார்", "எழுதினார்" என்றே தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறார்கள், அது போதும்.

இனி அந்த எச்சரிக்கைக்கு வருகிறேன். அது வந்ததற்கு உங்கள் பத்தியின் உள்ளடக்கம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. திரும்பத் திரும்பச் சேர்த்ததுதான் காரணமாக இருக்கும். துணிந்து தொகுக்கலாம், ஒருவர் மீளமைத்தால் (முந்தைய வடிவத்துக்குத் திருப்பினால்), அங்கே நிறுத்திக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதே முறை. ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத்து வடிவில் தெளிவான வரம்பு உண்டு: ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் செய்ததை மீளமைத்தால் தடை வரலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரியை மீளமைத்தாலும் எண்ணிக்கையில் சேரும். அதற்காக மூன்று முறை உரிமை என்று பொருளில்லை. இரண்டாவது முறையே தொகுத்தல் போர் என்று கருதப்படலாம். வெளிப்படையான நாசவேலையை நீக்குவது போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் உங்களோடு கருத்து மாறுபடுகிறவரின் மாற்றத்தை நாசவேலை என்று அழைத்து அந்த விலக்கைப் பயன்படுத்தாதீர்கள். நான் சரி, அவர் தவறு என்பது இந்த விதியில் கணக்கில் வராது. புதியவர்களுக்கு இதுதான் மிகவும் கசக்கிறது. பக்கம் ஒரு நாள் தவறான வடிவில் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. நீக்கப்பட்ட உங்கள் எழுத்தும் வரலாற்றில் பத்திரமாக இருக்கும் (பதிப்புரிமைக்காக மறைக்கப்பட்டால் தவிர).

பேச்சுப் பக்கத்தில் எழுதும் முறையும் முக்கியம். புதுத் தலைப்பை அடியில் தொடங்குங்கள். முடிவில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இடுங்கள்; பெயரும் நேரமும் தானாக வரும். மூன்று இட்டால் பெயர் மட்டும், ஐந்து இட்டால் நேரம் மட்டும். பிறர் எழுதியதைத் திருத்தவோ அழிக்கவோ கூடாது. என்ன எழுதுவது? "வணக்கம். கோயில் வரலாறு பற்றி நான் சேர்த்த பத்தியை நீக்கியிருந்தீர்கள். கல்வெட்டு ஆண்டறிக்கையின் இன்ன ஆண்டு, இன்ன எண்ணைச் சான்றாகத் தந்து, முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் சேர்க்கலாமா? தலபுராணச் செய்தியைத் தனிப் பத்தியாக எழுத நினைக்கிறேன்." இவ்வளவு போதும். "எந்த அதிகாரத்தில் நீக்கினீர்கள்?" என்று தொடங்கினால், உங்கள் சான்று எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் பேச்சு அங்கேயே திசை மாறிவிடும். எல்லாரும் வேலை முடித்து இரவில் வந்து எழுதும் தன்னார்வலர்கள்; மூன்று நான்கு நாட்கள் பொறுங்கள். பதில் வராவிட்டால், உதவி கேட்பதற்கான ஒத்தாசைப் பக்கத்தில் கேளுங்கள். பல கட்டுரைகளைத் தொடும் பொதுக் கேள்வி என்றால், பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடி.

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் சுருக்கப் பெட்டியை நிரப்புங்கள். 500 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. "மக்கள்தொகை சேர்ப்பு, 2011 கணக்கெடுப்புக் கையேடு" என்பது போல் ஒரு வரி போதும். சேமித்த பின் அதைத் திருத்த முடியாது. "சிறு தொகுப்பு" என்ற குறியை எழுத்துப்பிழை, இடைவெளி போன்றவற்றுக்கு மட்டும் இடுங்கள். பத்தியையே சேர்த்துவிட்டு அதை இட்டால், ஒளிக்கிறார் என்று நினைப்பார்கள்.

தாத்தாவின் கட்டுரை கடினமானது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று குறிப்பிடத்தக்கமை: அவரோடு தொடர்பில்லாத, நம்பகமான, ஒன்றுக்கு மேற்பட்ட வெளியீடுகள் அவரைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும். நல்ல மனிதராக, ஊருக்குப் பள்ளி கட்டியவராக இருந்தாலும், அச்சில் தடம் இல்லையென்றால் தனிக் கட்டுரை நிற்பது அரிது. நினைவுநாள் விளம்பரமும் குடும்பம் வெளியிட்ட மலரும் கணக்கில் வராது. இரண்டாவது, நீங்கள் பேரன் என்பது. உறவினர் எழுதக் கூடாது என்று முழுத் தடை இல்லை, ஆனால் வேண்டாம் என்றே பலமாக அறிவுறுத்துவார்கள். உறவைப் பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிட்டு, சான்றுகளை அங்கே வைத்து, வேறொருவரை எழுதக் கேட்பது நல்ல வழி. பணம் வாங்கிக்கொண்டு எழுதுபவருக்கு இது அறிவுரை இல்லை, கட்டாயம்: யார் பணம் தருகிறார், யாருக்காக என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்று 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிமுறைகளிலேயே இருக்கிறது. தாத்தா கட்டிய பள்ளிக்கோ ஊருக்கோ கட்டுரை இருந்தால், சான்றோடு ஒரு வரி அங்கே சேர்க்க முயலுங்கள். தமிழ்நாட்டு ஊராட்சிகள் பலவற்றுக்கு ஏற்கெனவே கட்டுரைகள் உள்ளன. புதிதாகத் தொடங்கும் முன் வேறு எழுத்துக்கூட்டலிலும் தேடிப்பாருங்கள்.

ஊர்க் கட்டுரையில் இன்னொரு கண்ணிவெடி சாதி. "இங்கு இன்ன சமூகத்தினர் பெரும்பான்மை", "இவர்கள் இன்ன அரசரின் வழிவந்தோர்" என்ற வரிகளால் மாதக்கணக்கில் சண்டை நடந்த பக்கங்கள் பல உண்டு. முதல் சில மாதங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். வாழும் மனிதர் ஒருவரின் சாதி, மதம், குடும்ப விவரம், குற்றச்சாட்டு ஆகியவற்றைச் சான்றின்றி எழுதினால் யாரும் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்காமல் உடனே நீக்கலாம், அதுவே முறையும்கூட.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்குவது நல்ல பயிற்சி. இயந்திரம் தந்ததை அப்படியே சேமிப்பதுதான் கேடு. கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிச் சேர்த்த ஒரு திட்டம் முன்பு நடந்தது. அவற்றின் மொழித் தரம் தமிழ் விக்கிப்பீடியரிடையே பெரும் விவாதமாகி, 2010இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் பேசப்பட்டது. அந்த அனுபவத்துக்குப் பின் இங்கே இயந்திரத் தமிழை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தருவதில் கூடுதல் ஆபத்து, இல்லாத நூலுக்கும் பக்க எண் கொடுத்துவிடும். நீங்கள் திறந்து பார்க்காத சான்றைச் சேர்க்காதீர்கள். மொழிபெயர்த்தால், எந்தக் கட்டுரையிலிருந்து என்பதைச் சுருக்கத்தில் இணைப்போடு குறிப்பிடுவது உரிமத்தின் தேவை.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கே உரிய ஒன்று எழுத்துக்கூட்டல். 2003 முதல் இதைக் கட்டியெழுப்பியதில் இலங்கைத் தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு, முன்னோடியான இ. மயூரநாதன் இலங்கையைச் சேர்ந்தவர். ஆகவே "பொறியியலாளர்" என்றோ "தொடருந்து" என்றோ கண்டால் அது பிழையன்று. "பொறியாளர்", "ரயில்" என்று திருத்தத் தொடங்காதீர்கள். உருசியா, பிரான்சு போன்ற கிரந்தம் தவிர்த்த வடிவங்கள் பற்றி நீண்ட விவாதங்கள் நடந்திருக்கின்றன, இன்னும் எல்லாருக்கும் உடன்பாடு இல்லை. தலைப்பை நகர்த்த விரும்பினால் முதலில் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். உங்கள் வடிவத்திலிருந்து அந்தத் தலைப்புக்குத் திருப்பிவிடும் ஒரு வழிமாற்று இருந்தாலே தேடுபவர் வந்து சேர்ந்துவிடுவார்.

இவற்றில் எது மாறாதது, எது மாறக்கூடியது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமை, வாழும் மனிதர்கள், பணத்துக்கு எழுதுவதை வெளிப்படுத்தல், பிறரைத் துன்புறுத்தாமை ஆகியவை எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொது. குறிப்பிடத்தக்கமையின் அளவு, எந்த இதழ் நம்பகமானது, எழுத்துக்கூட்டல், நீக்கலுக்கு எத்தனை நாள் அவகாசம் ஆகியவற்றை ஒவ்வொரு மொழிச் சமூகமும் தானே முடிவு செய்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கிறது என்பது தமிழில் வாதம் ஆகாது, மறுபக்கமும் அப்படியே.

உங்கள் பத்திகளை என்ன செய்வது? வரலாற்றிலிருந்து எடுத்து எழுதிப் பழகும் இடமான உங்கள் பயனர் மணல்தொட்டியில் வையுங்கள் (பிற தளத்தின் வாசகமாக இருந்தால் அங்கும் கூடாது). ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் நூல், ஆண்டு, பக்கம் எழுதுங்கள். சான்று கிடைக்காத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்; நான்கு பத்தி ஒன்றரைப் பத்தியாகச் சுருங்கினால் வியப்படையாதீர்கள். அதைப் பேச்சுப் பக்கத்தில் காட்டி, மறுப்பு இல்லையென்றால், ஒரே மூச்சில் சேர்க்காமல் ஒவ்வொரு பத்தியாகச் சேர்த்து ஒரு நாள் இடைவெளி விடுங்கள். ஒன்றில் தவறிருந்தாலும் மற்றவை தப்பும். காத்திருக்கும் நாட்களில் பக்கத்து ஊர்க் கட்டுரைகளில் "சான்று தேவை" என்று குறி இட்ட வரிகளுக்குச் சான்று தேடிச் சேருங்கள். சான்றை நிரப்பும் படிவமான மேற்கோள் வார்ப்புரு கைக்குப் பழகும், உங்கள் பயனர் பெயரும் மற்றவர்களுக்குப் பழகும்.

இடையில் கணக்கைத் தடை செய்துவிட்டால், வேறு பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கி அதே பத்தியைச் சேர்க்கும் எண்ணம் வரும். நண்பரின் கணக்கிலிருந்து சேர்க்கவும் தோன்றும். ஒரு நாள் தடை காலவரையற்ற தடையாக மாறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். தடை செய்யப்பட்டவரும் தன் பேச்சுப் பக்கத்தில் எழுதப் பொதுவாக வழி விட்டிருப்பார்கள். அங்கே "மீளமைத்தல் விதி அப்போது தெரியாது, இனி பேச்சுப் பக்கத்தில் கேட்டுவிட்டே சேர்ப்பேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டு, நிருவாகி ஒருவர் பார்க்கும் வரை விட்டுவிடுங்கள்.